மறைந்துபோன சிற்றுண்டிகள்

"விரைவு உணவு" என்னும் சொல்லை இன்றைய மாணவர்கள் மேனாட்டுச் சரக்காகவே எண்ணுகின்றனர். சொல் வேண்டுமானால் புதியதாக இருக்கலாம். வீட்டை விட்டு வெளியே வந்தவன், அடுப்பு மூட்ட நேரமும் இடமும் இல்லாதவன், கையிலுள்ள சில்லறைக் காசுக்கு உடனே வாங்கி உண்ணத் தக்கது எதுவோ அதற்கே அப்பெயர் பொருந்தும். அத்தகைய உணவு நகரங்கள் தோன்றிய நாளிலேயே தோன்றிவிட்டது.

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையைப் படித்தவர்கள், புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் காழியர், கூவியர் என்னும் இரு வகையினர் இருந்ததை நினைவு கொள்வார்கள். காழியர் பிட்டு விற்போர். கூவியர் அப்பம் விற்போர். மதுரைக்காஞ்சி இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. தேன்கூட்டைப் போன்ற தோற்றமுடைய மெல்லிய அடையையும், உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகத்தையும் அது குறிப்பிடுகின்றது. இரவு முதிர்ந்தபின், அவற்றை விற்கும் கூவியர் கடையில் இருந்தபடியே தூங்கி விழுகின்றனராம். பேருந்து நிலையத்து இரவுக் கடையில் தேநீர்ப் பாத்திரத்தின் அருகே கண்ணயரும் கடைக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; அவருடைய மரபு அவ்வளவு பழையது.

நம் திருவண்ணாமலைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையையும் திருவம்மானையையும் இத்தலத்தில் அருளினார் என்பது மரபு. அத்திருவம்மானையில், மதுரையில் இறைவன் மண் சுமந்து அடிபட்ட திருவிளையாடல் பாடப்பெறுகின்றது. மண் சுமந்தது எதற்காக? வந்தி என்னும் ஏழை மூதாட்டியின் பிட்டுக்காக. வந்தி யார்? உறவினர் இல்லாதவள், பிட்டு அவித்து விற்றுப் பிழைத்தவள். கரை அடைக்க ஆள் அனுப்பும் வசதி அவளுக்கு இல்லை. தெருவில் சிற்றுண்டி விற்ற ஒரு பெண்ணின் பெயர் நம் இலக்கியத்தில் நிலைத்து நிற்பது பெரிய செய்தி. ஏனெனில் அவளைப் போன்ற ஆயிரக்கணக்கானோரின் பெயரும் கைப்பாகமும் எங்கும் பதிவாகவில்லை.

பதிவானவை பெரும்பாலும் கோயிலோடு சேர்ந்தவையே. விசயநகர மன்னர் காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுகள் திருவேங்கடமுடையானுக்குப் படைக்க ஏற்பாடான பணியாரங்களைப் பெயர் சொல்லி அடுக்குகின்றன. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி, கோதிப்படி, இட்டலிப்படி, தோசைப்படி என்பன அவற்றுட் சில. அப்பம், வடை, அதிரசம், இட்டலி, தோசை ஆகியவை இன்றும் நம்மோடு இருக்கின்றன. சுகியன் பெயர் சற்றே மாறிச் சில ஊர்த் தேநீர்க் கடைகளில் உயிர் வாழ்கின்றது. மனோகரம் சில குடும்பங்களின் திருமணச் சீர்வரிசையில் மட்டும் தலைகாட்டுகின்றது. கோதி வேண்டும் என்று கடைத்தெருவில் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஒரே கல்வெட்டுப் பட்டியலில் உடன்பிறந்தவை போல நின்ற பண்டங்களின் கதி இப்படி வெவ்வேறாக முடிந்ததற்குக் காரணம் என்ன?

ஒரு பகுதி விடை கோயில் மடைப்பள்ளியில் கிடைக்கின்றது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கில் குடலையில் இலை பரப்பி அவிக்கும் இட்டலி இன்றும் நிலைத்திருக்கின்றது. அது வழிபாட்டின் உறுப்பாகிவிட்டது. வாங்குவோர் குறைந்தாலும் நிறுத்த இயலாது. நம் ஊரின் கார்த்திகைப் பொரியுருண்டையும் அவ்வாறே. 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் ஏற்றும் நாளில் நெற்பொரியையும் அவற்பொரியையும் வெல்லப்பாகில் பிடித்து வைக்காத வீடு அரிது. ஆண்டில் ஒரு நாள் வரும் வழக்கமாயினும் சடங்கு அதனைத் தாங்கி நிற்கின்றது. தெருவில் விற்ற பண்டத்துக்கு அத்தகைய தாங்குதூண் கிடையாது. வாங்குவோர் ஒரு தலைமுறை வாங்காதிருந்தால் போதும், அதன் கதை முடிந்தது.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும், கார்த்திகைத் திருவிழாவோடு கூடும் மாட்டுச் சந்தையும், நாற்புறத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வரும் கூட்டமும் இருக்கும் ஊரில் வழியுணவுக்கு என்றும் தேவை உண்டு. இருப்புப்பாதை வருமுன் மக்கள் கட்டுச்சோற்றையே நம்பினர். புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும். அதற்கும் மேல் தாங்குவது பொரிவிளங்காய் உருண்டை. வறுத்த அரிசி, பயறு முதலியவற்றை மாவாக்கி, வெல்லப்பாகும் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிடிப்பது அது. பல்லுக்கு நல்ல சோதனை! கல்லில் தட்டி உடைத்துத் தின்ற சிறுவர்களுள் நானும் ஒருவன். வாரக்கணக்கில் கெடாது, எண்ணெய் தேவையில்லை, இரண்டு உருண்டையும் ஒரு செம்பு தண்ணீரும் ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். நான்கு மணி நேரத்தில் சென்னையிலிருந்து இங்கே வந்துவிடும் பயணிக்கு அவ்வளவு உறுதியான உருண்டை எதற்கு? பயணம் குறுகியதும் அப்பண்டம் தன் வேலையை இழந்துவிட்டது.

இரயில் வந்த காலத்து உணவு நிலையைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1896 ஆகஸ்டு மாத இறுதியில் வேங்கடராமன் என்ற பதினாறு வயது மாணவர் மதுரையை விட்டு இவ்வூரை நோக்கிப் புறப்பட்டார். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் போற்றியவர் அவரே. விழுப்புரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உண்டு, விலையாக இரண்டணா நீட்டினார். கையில் எவ்வளவு இருக்கின்றது என்று கடைக்காரர் கேட்டார். இரண்டரை அணா என்று விடை வந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசே மாம்பழப்பட்டு வரை இரயில் சீட்டாயிற்று. பின்னர்க் கீழூரில் ஓர் இல்லத்தார் கோகுலாஷ்டமிக்குச் செய்த பட்சணங்களைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தனர். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்த அவர் அப்பொட்டலத்தை ஐயங்குளத்தில் எறிந்துவிட்டார். துறவின் வரலாற்றில் இது சிறு குறிப்பு. உணவு வரலாறு படிப்பவனுக்கோ, இரண்டணாவுக்கு ஒரு வேளைச் சாப்பாடு விற்ற கடையும், வழிப்போக்கனுக்குப் பட்சணம் கட்டித் தரும் இல்லமும் அருகருகே இருந்த காலம் இதில் தெரிகின்றது.

அதற்குப் பின் வந்தது காப்பி. காலையில் நீராகாரம் பருகிய தமிழர் காப்பிக்கு மாறிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார்; 2000-இல் வெளிவந்த அந்நூலைக் கல்லூரி மாணவர்கள் தவறாது படிக்க வேண்டும். காப்பியோடு 'கிளப்பு' வந்தது. கிளப்போடு பலகையும் வந்தது. 'பிராமணாள்' என்று எழுதிய அப்பலகைக்குப் பின்னால் யார் உட்காரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது. இரயில் நிலைய உணவகங்களிலும் இப்பிரிவினை இருந்து, 1941-இல்தான் ஒழிந்தது. உணவகங்களுள் நுழைய எவரையும் சாதி காரணமாகத் தடுத்தல் ஆகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் கூறியது. அதன் பின்னரும் பலகை தொங்கிற்று. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் முன் பெரியார் கிளர்ச்சி நடத்த நேர்ந்தது. மறைந்தவற்றைப் பற்றிப் பேசும்போது இப்பலகையும் மறைந்தது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பழைய உணவகத்தின் நெய் மணத்தை வாய் ஊறப் பேசுகின்ற முதியோர் சிலர், அம்மணம் யாருக்கு வாயிலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது என்பதைச் சொல்வதில்லை.

வாயிலுக்கு அப்பால் நின்றவர்களுக்கு உணவளித்தவள் ஆப்பக்காரக் கிழவி, கூழ்க்காரி, வேகவைத்த வேர்க்கடலையைப் படியால் அளந்து விற்றவள். வீட்டுத் திண்ணையே அவளுக்குக் கடை. கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், காராமணிச் சுண்டல், கேழ்வரகு அடை ஆகியவை அவள் விற்றவை. விலைப்பட்டியல் எழுதிய பலகை அவளிடம் இல்லை. ஆகவே அவள் நிறுத்திய பண்டம் எந்த நாளில் நின்றது என்றும் யாராலும் சொல்ல முடியாது.

அவளுடைய சரக்கை மாற்றியது பெரும்பாலும் அரிசிதான். 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீடு வந்தது, அரிசி உண்டவன் கைக்குக் கோதுமையும் வந்தது. பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூமார், அரிசித் தட்டுப்பாட்டினாலேயே ரவை இட்டலியைக் கண்டுபிடித்ததாகக் கூறுகின்றனர். பஞ்சம் ஒரு பண்டத்தைப் பிறப்பித்தது வியப்பே. 1952-இல் இராசாசி கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளில் மறுபடியும் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் அரிசி விலையே பெரும்பேச்சு. பின்னர் நியாய விலைக் கடைகள் பரவின. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி. 2011 முதல் விலையில்லா அரிசி. சவ்வாது மலைச் சாமையும் தினையும், சமவெளிக் கேழ்வரகும் கம்பும் அன்றாட உலையிலிருந்து இறங்கின.

இதற்காக இரங்கல் பாட நான் அணியமாக இல்லை. கூழ் அமிழ்தம் என்று இப்போது பேசுவோர், வேறு வழியின்றி மூன்று வேளையும் கூழே குடித்தவர்களை அறியாதவர்கள். என் மாணவர்களுள் பலர் வீட்டில் நெற்சோறு பொங்குவது திருநாளன்று மட்டுமே. அவர்களுக்கு அரிசி வந்தது விடுதலையே ஆகும். ஆயினும் விதையும் பக்குவமும் கைவிட்டுப் போயின என்பதும் உண்மை. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், சாமைப் பொங்கலும் தினை உருண்டையும் அழகிய உறையில் நகரக் கடைகளுக்குத் திரும்பியுள்ளன. விலை மட்டும் அரிசியினும் கூடுதல்!

சில பண்டங்கள் பாத்திரத்தோடு மறைந்தன. தவலை அடையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்புகளும் கரகரப்பாக உடைத்துச் சேர்த்து, கனத்த வெண்கலத் தவலையில் எண்ணெய் விட்டு, மூடி, சிறுதீயில் வேகவைப்பது. அடி முறுகிச் சிவந்தும் மேற்புறம் மெத்தென்றும் இருக்கும். ஒன்று வேகும் நேரத்தில் தோசைக்கல்லில் பல தோசை எடுத்துவிடலாம். கூட்டம் நிற்கும் உணவகம் எதைத் தேர்ந்தெடுக்கும்? வெண்கலப் பாத்திரமும் எடைக்குப் போயிற்று. இப்போது சிலர் வாணலியில் செய்து அப்பெயரால் வழங்குகின்றனர். அந்த முறுகல் அதில் வருவதில்லை.

கோலிச் சோடாவின் கதை வேறு. ஆங்கிலப் பொறியாளர் ஹைரம் காட் என்பவர் 1870-களில் உரிமை பெற்ற புட்டி அது. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கண்ணாடிக் கோலியைக் கழுத்திலுள்ள இரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவிடும். விரலால் கோலியைத் தள்ளினால் திறக்கும். இயற்பியல் ஆசிரியருக்கு இதனினும் நல்ல பாடக்கருவி கிடையாது. உலோக மூடியும் பின்னர் நெகிழிப் புட்டியும் வந்து அதை ஒதுக்கின. பெரு நிறுவனங்களின் கை ஓங்கியதும் ஒரு காரணம். கோக்கோ கோலா 1977-இல் இந்தியாவை விட்டு வெளியேறி 1993-இல் மீண்டு வந்து, பார்லே நிறுவனத்தாரின் பானங்களை விலைக்கு வாங்கியது. அவற்றுள் ஒன்றான கோல்டு ஸ்பாட் சில ஆண்டுகளில் கடைகளிலிருந்தே மறைந்தது. விருதுநகரில் 1916-இல் தோன்றிய காளிமார்க் நிறுவனத்தின் பவண்டோ இன்றும் விற்பனையாகின்றது.

பண்டம் வைத்துக் கொடுத்த இலையையும் மறத்தலாகாது. மந்தாரை இலையில் மடித்த இட்டலிக்கு ஒரு தனி வாசனை உண்டு. தைத்த இலையும் தொன்னையும் இவ்வட்டாரத்து ஏழைக் குடும்பங்களுக்குக் கைத்தொழில். நெகிழித்தாள் வந்து அத்தொழிலை வீழ்த்தியது. 2019 சனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்குத் தடை வந்தபோது, கடைக்காரர்கள் இலை தைப்போரைத் தேடிப் புறப்பட்டனர். தைக்கத் தெரிந்தவர்கள் கிழவிகளாகவே இருந்தனர்.

சென்னையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் 2008-இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கின்றது. அதன் பண்டங்களைப் பற்றி எழுதியோர் பலர், ஏனெனில் அங்கே உண்டவர்களுள் எழுத்தாளர் பலர் இருந்தனர். திருவண்ணாமலைப் பெரிய தெருவிலும் வட ஒத்தவாடைத் தெருவிலும் உண்டவர்கள் வண்டியோட்டிகளும் மாட்டு வியாபாரிகளும் மலை சுற்ற வந்த குடியானவர்களும். ஆதலால் இங்கே வேறு வழியில்தான் செய்தி திரட்ட வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முன் சில ஆண்டுகள், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்து வந்தேன். வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம், சிறுவயதில் காசு கொடுத்து வாங்கித் தின்ற பண்டம் எது, என்ன விலை, யார் விற்றார், எதில் வைத்துக் கொடுத்தார் என்று கேட்டு எழுதி வருதல் வேண்டும். இலந்தை வடை, கமர்கட்டு, சவ்வு மிட்டாய் ஆகியவை ஏறத்தாழ எல்லா ஏட்டிலும் வந்தன. எவருக்கும் தெரியாத பெயர்களும் சில வந்தன. விற்றவரின் பெயரைக் கேட்ட இடத்தில் மட்டும் பெரும்பாலோர் "ஆயா" என்றே எழுதி வந்தனர்.