விருந்தினரும் காலி மேசையும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாக வந்தவரையும் விருந்து என்றனர். அவருக்கு இட்ட உணவும் பின்னர் அப்பெயரையே பெற்றது. வருகிறவர் எப்பொழுது வருவார் என்று அறிய இயலாது என்னும் கருத்து அச்சொல்லின் உள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்காவிலுள்ள டிஸ்னி கேளிக்கைப் பூங்காக்களில் சீட்டு வாங்கி நுழைவோரை வாடிக்கையாளர் என்று சொல்லும் வழக்கம் இல்லை. விருந்தினர் என்றே அந்நிறுவனம் அவர்களை அழைத்து வருகிறது. ஆயினும், அப்பூங்காக்களின் பல உணவகங்களில் மேசையைப் பதிந்து வைத்துவிட்டு வராமற்போகும் விருந்தினர் தலைக்கு 10 அமெரிக்க வெள்ளி தண்டம் கட்டும் விதியும் 2011-ஆம் ஆண்டில் வந்தது. விருந்தினருக்குத் தண்டம் என்னும் இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது? நேரத்திற்கு வாராதவர் பொருட்டுக் காலியாகக் கிடக்கும் நாற்காலியின் விலையை யார் ஏற்பது என்னும் வழக்கே இதன் அடிப்படையாகும். அவ்வழக்கு தீர்ந்த முறையும் தீராத முறையும் ஒரு சிறு வரலாறாக விரிகின்றன.

கோழி விருந்தும் காத்திருந்த கூட்டமும்

கலிபோர்னியா மாநிலத்தில் பியூனா பார்க் என்னும் ஊரில் வால்டர் நாட் என்பவர் பழத்தோட்டம் வைத்திருந்தார். 1934-ஆம் ஆண்டில், பொருளாதார மந்தத்தின் நெருக்கடியில், அவருடைய மனைவி கார்டீலியா வருவோருக்குக் கோழிப் பொரியலுடன் உணவு சமைத்து விற்கத் தொடங்கினார். முதல் நாள் பரிமாறியது எட்டுச் சாப்பாடு. ஒரு சாப்பாட்டின் விலை 65 காசு. தம் திருமணத்திற்கு வந்த பீங்கான் தட்டுகளையே அவ்வம்மையார் அன்று எடுத்து வைத்தார்.

சுவை ஊரெங்கும் பரவியது. சில ஆண்டுகளுக்குள் மக்கள் மணிக்கணக்கில் வாசலில் நிற்கலாயினர். காத்திருப்போரின் சலிப்பைப் போக்க நாட் தம்பதியர் பாறைத் தோட்டம் முதலிய காட்சிகளை அமைத்தனர். 1940-இல் பழைய மேற்கத்திய சிற்றூர் ஒன்றையே கட்டத் தொடங்கினர். அச்சிற்றூர் வளர்ந்து பெரும் கேளிக்கைப் பூங்காவாயிற்று. 1968-இல் அதைச் சுற்றி வேலியிட்டு நுழைவுக் கட்டணமும் வாங்கினர்.

உணவுக்குக் காத்திருந்த வரிசையிலிருந்தே ஒரு பூங்கா பிறந்தது என்பது இங்கே கருதத்தக்கது. அங்கே தாமதம் என்பதற்கே இடமில்லை. வந்தவர் வந்த வரிசையில் அமர்ந்தார். காத்திருத்தலின் சுமை உண்பவரைச் சார்ந்தது. அதைக் குறைக்கும் பொறுப்பை உணவிடுவோர் ஏற்றனர். காலி நாற்காலி என்னும் பேச்சே எழவில்லை.

வாசலில் பதிந்த காலம்

அவ்விடத்திலிருந்து சில மைல் தொலைவிலுள்ள அனஹைம் நகரில் 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் வால்ட் டிஸ்னி தம் பூங்காவைத் திறந்தார். அழைப்பிதழ் பெற்றோருடன் போலி அழைப்பிதழ் கொண்டு வந்தோரும் திரண்டமையால், உணவகங்களில் உணவும் பானமும் தீர்ந்துபோயின. பூங்காவில் உணவு ஒரு துணைப்பொருள் அன்று, அதுவே ஒரு பெருஞ்சிக்கல் என்பதை அந்த முதல் நாளே உணர்த்திற்று.

புளோரிடா மாநிலத்தில் 1971 அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி உலகில் இச்சிக்கல் வேறு வடிவம் கொண்டது. அங்குள்ள கோட்டையின் மேல்மாடத்தில் ஓர் உணவகம் அமைந்தது. கோட்டைக்குள் உண்ண வேண்டும் என்ற ஆசை ஆயிரவருக்கு; மாடத்தில் இருந்த மேசைகளோ மிகச் சில. ஆகவே உண்ண விரும்பியவர் காலையிலேயே உணவகத்தின் வாசலுக்குச் சென்று, அன்றைய மதியத்திற்கோ மாலைக்கோ பெயரைப் பதிய வேண்டியிருந்தது.

இம்முறையில் ஒரு நன்மை இருந்தது. பதிகிறவர் பூங்காவிற்குள்ளேயே இருக்கிறார். அன்றைய வெயிலையும் கூட்டத்தையும் குழந்தையின் உடல்நிலையையும் கண்டறிந்தே நேரம் குறிக்கிறார். வாக்குறுதிக்கும் வருகைக்கும் இடையே சில மணி நேரமே இருந்தது. ஆதலால் வாராமற்போவதும் காலந்தாழ்வதும் அரிதாகவே நிகழ வாய்ப்பிருந்தது.

திரையில் தோன்றிய பணிப்பெண்

1982 அக்டோபர் முதல் நாள் அதே வளாகத்தில் எப்காட் என்னும் இரண்டாம் பூங்கா திறக்கப்பட்டது. அதன் பின்பகுதியில் ஓர் ஏரியைச் சுற்றி ஒன்பது நாடுகளின் கூடங்கள் எழுந்தன. பிரான்சின் கூடத்தில் பால் பொக்கூஸ் உள்ளிட்ட புகழ்பெற்ற சமையற் கலைஞர் மூவர் தொடர்பு கொண்ட உணவகம். இத்தாலியின் கூடத்தில் ரோமாபுரியின் அல்பிரடோ பெயர் தாங்கிய உணவகம். ஜப்பானின் கூடத்தில் உண்பவர் கண்முன்னே இரும்புத் தட்டில் சமைக்கும் உணவகம். இங்கே உணவே காட்சியாயிற்று.

இவற்றில் இடம் பதிவதற்காக நுழைவாயிலருகே நின்ற பெருங்கோளத்தை ஒட்டித் தொடுதிரைப் பெட்டிகளை வைத்தனர். விரலால் திரையைத் தொட்டால், வேறோர் அறையில் அமர்ந்த பணிப்பெண்ணின் முகம் அதில் தோன்றும். அவரிடம் நேரில் பேசுவதுபோல் பேசி, உணவகத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளலாம். வீட்டில் கணினியே அரிதாயிருந்த காலத்தில் இது பெருவியப்பாயிற்று. பூங்கா திறந்தவுடன் மக்கள் மற்ற காட்சிகளை விட்டு இத்திரைகளை நோக்கி விரைந்தனர்.

ஆனால் காலையில் நுழைவாயிலில் பதிந்தவர் மாலையில் ஏரியின் மறுகரைக்கு வந்து சேர வேண்டும். ஏரியைச் சுற்றும் நடைபாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுடையது. வழியில் ஒன்பது நாடுகளும் கைகாட்டி அழைத்தன. சுற்றித் திரிந்து மெய்ம்மறக்கச் செய்வதே பூங்காவின் தொழில். குறித்த நொடியில் வந்து நிற்கச் சொல்வது அதன் உணவகத்தின் தேவை. ஒரே நிறுவனம் ஒரே ஆளிடம் இவ்விரண்டையும் கேட்டது.

இருபது நிமிடத்தின் கணக்கு

தாமதம் சிறு குற்றம் என்று தோன்றலாம். சமையற்கட்டின் கணக்கு வேறு. ஒரு மேசை மாலை 5 மணி முதல் 9 மணி வரை, மணிக்கு ஒரு குடும்பமாக நான்கு குடும்பங்களுக்கு என்று வைத்துக்கொண்டால், 5 மணிக் குடும்பம் 20 நிமிடம் பிந்தி வரும்பொழுது அந்த 20 நிமிடம் அதனோடு ஒழிந்துவிடுவதில்லை. 6 மணிக்குப் பதிந்து நேரந்தவறாது வந்த குடும்பம் 6.20 வரை நிற்கிறது. 7 மணிக் குடும்பமும் 8 மணிக் குடும்பமும் அவ்வாறே நிற்கின்றன. கடைசிக் குடும்பம் இரவு வாணவேடிக்கையை இழக்கிறது. பிந்தியவரின் கடனை முந்தியவர் அடைக்கிறார்.

பிந்தியவருக்கு உரிய மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாலோ, 20 நிமிடம் தவறியவர் முழு உணவையும் இழக்கிறார். அவர் வேண்டுமென்றே தவறினார் என்றும் சொல்ல முடியாது. வால்ட் டிஸ்னி உலகின் முதற்பூங்காவிற்குச் சொந்த வண்டியில் வருவோர், வண்டியை நிறுத்தியபின் ஒரு செயற்கை ஏரியைப் படகிலோ ஒற்றைத் தண்டவாள வண்டியிலோ கடந்தே வாசலை அடைய வேண்டும். உள்ளே ஊர்வலம் வரும்பொழுது தெருவைக் குறுக்கே கடக்க இயலாது. புளோரிடாவின் கோடைமழை பிற்பகலில் எச்சரிக்கையின்றிக் கொட்டும். தள்ளுவண்டியில் குழந்தையும் கைத்தடியூன்றிய பாட்டியும் கொண்ட குடும்பம் இவற்றில் ஒவ்வொன்றிலும் நேரத்தை இழக்கிறது.

பெயர் மாறிய வரலாறு

1990-களில் இதற்கொரு வழி கண்டனர். பதிவு என்ற சொல்லையே கைவிட்டு, முன்னுரிமை இருக்கை என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினர். இம்முறையில் எந்த மேசையும் எவருக்காகவும் காலியாக வைக்கப்படவில்லை. குறித்த நேரத்தில் வந்தவருக்கு அடுத்து ஒழியும் மேசை கிடைக்கும் என்பதே வாக்குறுதி. வரிசையில் ஓர் இடம் கிடைத்தது; மேசை கிடைக்கவில்லை. நாட் அம்மையாரின் வாசல்வரிசையும் முன்பதிவும் கலந்த கலவை அது எனலாம். நேரத்திற்கு வந்தும் காத்திருக்க நேர்ந்தவர் அதன் பொருள் விளங்காது முணுமுணுத்ததில் வியப்பில்லை. 2005-ஆம் ஆண்டளவில் அப்பெயரை மாற்றி மீண்டும் முன்பதிவு என்றே வழங்கினர். பெயர் மாறிய பின்னும் அடுத்து ஒழியும் மேசையே கிடைத்தது.

அதே 2005-இல் விடுதி வாடகையோடு உணவுக்கும் முன்பணம் கட்டும் திட்டம் வந்தது. அமர்ந்து உண்ணும் உணவகங்களில் நெருக்கம் மிகுந்தது. பதிவு செய்யும் காலமும் நீண்டு, ஒரு கட்டத்தில் 180 நாள் ஆயிற்று. ஆறு திங்களுக்குப் பின் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 6.10-க்கு எங்கே பசிக்கும் என்று ஒரு குடும்பம் முன்னரே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. எவராலும் அது இயலாது. ஆகவே ஒரே வேளைக்கு இரண்டு மூன்று உணவகங்களில் பதிந்து வைத்து, அன்றைய மனத்திற்கேற்ப ஒன்றுக்குச் சென்றோர் பலர். மற்ற மேசைகள் காலியாயின. இடமில்லை என்று திருப்பப்பட்டவர் அவற்றைப் பார்த்தவாறே சென்றனர்.

2011-ஆம் ஆண்டின் தண்டம் இச்சூழலில் பிறந்தது. பதியும்போதே கடன்பற்று அட்டையின் எண்ணைக் கொடுக்க வேண்டும். முன்னாளே நீக்காமலும் வாராமலும் இருந்தால் தலைக்கு 10 வெள்ளி போகும். காலி நாற்காலியின் விலை அன்று முதல் விருந்தினர் கணக்கில் ஏறிற்று.

தண்டம் வந்ததன் நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. மூன்று மேசைகளைப் பிடித்து வைத்தவர் இரண்டைக் கைவிட்டார். மேசை கிடைக்காத வேறு குடும்பங்கள் உண்மையான மேசையை அடைந்தன. எனினும் வேண்டுமென்றே கைவிட்டவரையும் மழையில் சிக்கியவரையும் அட்டை எண் வேறுபடுத்தி அறியாது.

பொறுமையின் எல்லை

காட்சிகளிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1999-இல் அப்பூங்காக்கள் விரைவுச் சீட்டு முறையைத் தொடங்கின. சீட்டில் ஒரு மணி நேர இடைவெளி அச்சிட்டிருந்தது; அதற்குள் திரும்பி வந்தோர் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பல ஆண்டுகள், பிந்தி வந்தோரையும் பணியாளர் பேசாமல் உள்ளே விட்டனர். 2012-ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி உலகில் அச்சலுகை நின்றது. எழுதிய விதி அன்று மாறவில்லை. எழுதாத பொறுமையே மாறியது.

உணவகங்களில் அப்பொறுமை முற்றிலும் மறையவில்லை. குறித்த வேளைக்குப் பின் சுமார் 15 நிமிடம் வரை பதிவு செல்லும் என்பது வழக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேலும் பிந்தினால், வாசலில் நிற்கும் பணியாளரின் முடிவே முடிவு. இடமிருந்தால் சற்றுப் பொறுக்கச் சொல்வார், இல்லையேல் கைவிரிப்பார். உணவோடு ஆடல்பாடலும் சேர்ந்த விருந்துகளில் அப்பணியாளரும் செய்வதற்கு அதிகமில்லை. 1974-இல் தொடங்கிய ஊப்-டீ-டூ இசை விருந்தில் மேடையில் திரை விலகும் நேரமே உணவு நேரம். அதற்குப் பணமும் முன்னரே கட்டியாக வேண்டும்.

அண்மைக்காலத்தில் சக்கரம் சிறிது திரும்பியுள்ளது. தொற்றுநோயால் மூடப்பட்ட பூங்காக்கள் 2020 ஜூலையில் திறந்தபொழுது, 180 நாள் என்பது 60 நாளாகக் குறைந்தது. பின்னர், முன்னாளே நீக்க வேண்டும் என்றிருந்த விதி தளர்ந்து, இரண்டு மணி நேரத்திற்கு முன் நீக்கினால் போதும் என்றாயிற்று. பதிவின்றி வந்தோர் கைத்தொலைபேசியில் பெயர் கொடுத்து, மேசை ஒழியும்வரை உலவி வரும் முறையும் அமைந்தது. காலையில் வாசலுக்குச் சென்று பெயர் கொடுத்த பழைய வழக்கம் புதிய கருவியில் ஏறித் திரும்பி வந்தது என்று இதைக் கூறலாம்.

இவ்வரலாறு முழுவதையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். வாக்குறுதிக்கும் உணவுக்கும் இடையே நாள் நீள நீள, தவறுவோரும் பெருகினர். தவறுவோர் பெருகப் பெருக, தண்டமும் தேவைப்பட்டது. அவ்விடைவெளி சுருங்கியபொழுது விதியும் தளர்ந்தது. ஆகவே பிந்தி வருவோரின் பழக்கக் குறைவை மட்டும் சுட்டிக் குறைகூறுவது முழுநியாயம் ஆகாது. ஆறு திங்களுக்கு முன்னரே நேரம் குறிக்கச் சொன்ன ஏற்பாட்டிற்கும் அதில் பங்குண்டு.

பந்திக்கு முந்து என்பது தமிழர் பழமொழி. முந்தியவர் நிற்கவும் பிந்தியவர் பசித்திருக்கவும் நேராதபடி பந்தியை அமைப்பது விருந்திடுவோர் கடமை. எட்டுச் சாப்பாட்டுக்குத் தம் திருமணத் தட்டுகளை எடுத்து வைத்த கார்டீலியா அம்மையாருக்கு அது எளிதாயிருந்தது. இலட்சம் பேருக்கு உணவிடும் நிறுவனத்திற்கு அது இன்றும் கடினமாகவே உள்ளது.