2147483647 (எண்)

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு) ஒரு பகா எண். இதன் மதிப்பு 2³¹ − 1. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர். அந்த வரிசையில் இது எட்டாவது.

இத்தாலியக் கணிதர் கட்டால்டி 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்குகளும் பகா எண் தரும் என்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். 31 தவிர மற்ற மூன்றும் பொய்த்தன. 31-ஐ உறுதிசெய்தவர் லியோனார்டு ஆய்லர். கணிதர் பெர்னூலிக்கு அவர் 1772-இல் எழுதிய கடிதம் வழியாக இம்முடிவு வெளியானது. அப்போது ஆய்லருக்குப் பார்வை அநேகமாக அற்றுப்போயிருந்தது.

இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340-ஐ ஒட்டியது. அதுவரையுள்ள ஏறத்தாழ 4,800 பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது நேர்வழி. ஆய்லர் அந்த வழியில் போகவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி அதை 62-ஆல் வகுக்க 1 மீதி வர வேண்டும். 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், காரணியாகத் தகுதி பெறுவன 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருபவை மட்டுமே. அவற்றில் முதல் பகா எண் 311. அதனால் வகுத்தால் 35 மிஞ்சுகிறது. இப்படி 46340 வரை சோதிக்க வேண்டியவை 372 எண்கள்தான். அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள் என்பதால் தாமே விலகிவிடும். விடையைவிட இந்தச் சல்லடைதான் ஆய்லரின் சாதனை.

இதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற செவ்விய எண் கிடைக்கும். அதாவது, தன்னை நீக்கிய மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண். இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டியதும் அந்தக் கணிப்பு பொய்த்தது.

கணினியில், குறிக்கு ஒரு பிட் ஒதுக்கிய 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு இதுவே. ஒன்றைக் கூட்டினால் பல கணினிகளில் −2147483648 ஆகிவிடும். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் யூனிக்ஸ் கடிகாரம், 32 பிட்டில் ஓடினால், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இந்த வரம்பைத் தொடும். அடுத்த நொடி 1901 டிசம்பருக்குத் தாவும். 2014-இல் 'கங்நம் ஸ்டைல்' பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த வரம்பைக் கடந்தது. அதற்குள் யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது.

இந்த வரம்பு பகா எண்ணாக அமைந்தது தற்செயலே. அடுக்கு பகு எண்ணானால் விளைவதும் பகு எண்தான். 16 பிட்டின் உச்சவரம்பான 2¹⁵ − 1, அதாவது 32767, 7 × 31 × 151 எனப் பிரியும். 64 பிட்டின் 2⁶³ − 1-உம் 7-ஆல் வகுபடும்.