கடுக்காய்த் தண்ணீர் குடித்த மாடி

தீபம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மலையைப் பார்த்து பால்கனி வைத்துக் கட்டுகிற ஊர் நம் திருவண்ணாமலை. வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பால்கனிக்குக் கீழே இருப்பது தெருவா, ஆள் படுக்கிற அறையா என்று முதலில் பார்க்க வேண்டும். அறை என்றால் அதைக் கூரை என்றே நினைத்துக் கட்ட வேண்டும். கார்த்திகை மாதம் நம் பக்கத்தில் மழை மாதமும் அல்லவா?

நான் பிறந்து படித்தது புதுச்சேரி. பாடமெல்லாம் பிரெஞ்சில். 'தெராஸ்' என்ற சொல்லை அங்கே படித்தேனே தவிர, அதைப் போடும் வித்தை நம் கொத்தனார்களுடையது. வெள்ளைக்காரத் தெரு மாளிகைகளுக்கும் அதுதான், தமிழர் தெரு வீடுகளுக்கும் அதுதான். பொதுப்பணித் துறைக் காகிதங்களில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று எழுதுவார்கள்.

நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் வரிசையாக வைத்து, மேலே மெல்லிய அச்சுக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில், கோணவாக்காக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம். பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கொட்டாப்புளியால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை பதியாமல் துள்ளும்வரை தட்டினால்தான் மேஸ்திரி விடுவார். பிறகு தட்டோடு பதிப்பார்கள்.

அந்த ஜல்லிக் கலவைக்கு இரண்டு வேலை. வெயிலின் சூடு சட்டென்று கீழே இறங்காமல் தாமதப்படுத்தும். தண்ணீர் ஓட வாட்டமும் அதிலேயே வந்துவிடும், பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற கணக்கில். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூசி, தூம்பைச் சுவருக்கு வெளியே நீட்டி வைப்பார்கள். தண்ணீர் சுவரில் வழியக் கூடாது. ஏனென்றால் இந்தக் கூரையின் நோவு அங்கேதான்: சுவருக்குள் புதைந்த தேக்குக் கட்டையின் நுனி ஈரத்தில் உளுத்தால் வெளியே தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

பிரெஞ்சு தேசத்திலும் பெரியவர்கள் இதில் சறுக்கியிருக்கிறார்கள். பாரிசுக்கு அருகே புவாசியில் லெ கொர்புசியே 1931-ல் முடித்த வில்லா சவோய் உலகப் புகழ் பெற்றது. நம் சண்டிகரை வரைந்தவரும் அவர்தான். தட்டைக் கூரை, அறைகளுக்கு மேல் திறந்த மாடித் தோட்டம் எல்லாம் அழகு. வீட்டுக்கார அம்மாளோ மழை உள்ளே ஒழுகுகிறது என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார். இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம். எங்கள் கடுக்காய்க் கொத்தனார் ஒருவர் அங்கே போயிருந்தால் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இப்போது கான்கிரீட் தளம், ஐந்து அங்குலம். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, கைப்பிடிச் சுவரோரம்தான் முதலில் கீறல் விடும். அதனால் சூட்டைத் தடுக்கும் அடுக்கு தளத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் அறைக்குக் கொஞ்சம் குளிர்ச்சி, தளத்துக்கு எந்த லாபமும் இல்லை. இன்னொன்று. வாட்டர் ப்ரூஃபிங், சூடு தடுக்கும் பலகை, வாட்டக் கலவை, டைல்ஸ் என்று அடுக்க அடுக்க பால்கனி உயர்ந்து அறைத் தரையைத் தொட்டுவிடும். பிறகு கதவு வழியே தண்ணீர் உள்ளே வரும். தளம் போடும்போதே பால்கனியை நாலைந்து அங்குலம் இறக்கச் சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு ஒரே ஒரு தூம்பு போதாது, அதில் வேப்பஞ்சருகு ஒரு கைப்பிடி அடைத்தால் பால்கனி தொட்டியாகிவிடும். எனவே இரண்டு வழி வையுங்கள். டைல்ஸ் போடுமுன் இரண்டையும் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திவைத்து, கீழே படுத்து விட்டத்தைப் பாருங்கள். கான்ட்ராக்டர் முணுமுணுப்பார். பரவாயில்லை, அதற்கப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.