ரேடியேட்டர் ஹோஸ் சொல்லும் சரித்திரம்

நம் கல்லூரி ஐ.சி. என்ஜின் லேபில் குறுக்கே வெட்டி வைத்த என்ஜின் ஒன்று நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? வைவாவில் "தண்ணீர் எந்த வழியாகச் சுற்றுகிறது, காட்டு" என்றால் விரலை எங்கேயோ வைத்துச் சமாளித்தவர்களில் அடியேனும் ஒருவன். அந்தப் பாக்கி, வேலைக்குப் போன பிறகு அப்பாவின் பழைய லாரியில் வந்து மாட்டியது.

மேடு ஏறும்போது வண்டி கொதித்தது. வழியில் பார்த்த மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்றார். அப்புறமும் கொதிப்பு நிற்கவில்லை. கடைசியில் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டது. வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று அப்பா முடிவே பண்ணிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒவ்வொரு ஹோஸாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன். எல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

கார்ல் பென்ஸின் 1886 வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் என்ஜினைக் குளிர்வித்தது. 1888-ல் அவர் மனைவி பெர்த்தா இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனபோது வழியெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1900-ல் வில்ஹெல்ம் மைபாக் தேன்கூடு ரேடியேட்டரைக் கொண்டுவந்தார். 18 லிட்டர் பிடித்த இடத்தில் 9 லிட்டர் போதுமென்றாயிற்று.

எனக்குப் பிடித்தது 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி. முதல் 2,500 வண்டிகள் வரை பம்ப் வைத்தார்கள், பிறகு எடுத்தே விட்டார்கள்! மேலே ஒரு ஹோஸ், கீழே ஒரு ஹோஸ், அவ்வளவுதான். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். ரேடியேட்டரில் ஆறியது கனத்துக் கீழே இறங்கி, மறுபடி என்ஜினுக்குள் போகும். 1917-ல் வந்த ஒரு டன் டிடி லாரியும் இப்படித்தான் ஓடியது. ஆனால் தண்ணீர் மட்டம் மேல் ஹோஸ் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்று நின்றுபோகும்.

20 குதிரைசக்தி 40 ஆனபோது இது போதவில்லை. 1927 கடைசியில் வந்த மாடல் ஏ-யில் பம்ப் திரும்பி வந்தது. பம்ப் இருந்தால் வேறு தொல்லை: குளிர்காலக் காலையில் என்ஜின் சூடேறவே நேரமாகும். அதைத் தடுக்கத்தான் தெர்மோஸ்டாட். 1930-களில் செர்ஜியஸ் வெர்னே மெழுகு வகையை உருவாக்கினார். மெழுகு உருகி விரிந்தால் வால்வு திறக்கும். சரி, வால்வு மூடியிருக்கும்போது பம்ப் தள்ளும் தண்ணீர் எங்கே போகும்? அதற்குத்தான் பைபாஸ்: ஹெட் பக்கமிருந்து நேராகப் பம்புக்கே திரும்பும் குட்டி ஹோஸ்.

அப்பா வண்டியின் வியாதி அங்கேதான் இருந்தது. அந்த என்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. மேல் வால்வு திறக்கும்போதே அதன் அடித்தட்டு இறங்கி பைபாஸை அடைக்க வேண்டும். கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் பம்புக்கு ஓடிவிடும்.

முதலில் ஏன் கொதித்தது? கழற்றிய தெர்மோஸ்டாட்டை அம்மாவின் சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது திறக்கவில்லை. மாற்ற வேண்டியதை எடுத்தே எறிந்திருக்கிறார். அந்த மனுஷரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. வைவாவில் நான் காட்டிய வழி அதைவிட மோசம்.

ஹெட்டைச் சரிபண்ணி, புது தெர்மோஸ்டாட் போட்டதும் வண்டி அதே மேட்டை ஏறியது. அப்பா அப்புறம் காயலான் கடைப் பேச்சை எடுக்கவில்லை. அம்மாதான் இன்னும் சட்டிக்குக் கணக்குக் கேட்கிறார்.