அறுவை அரங்கப் பணியாளர்களின் பணிப்பெயர்ப் பாதுகாப்பு: பிரிட்டன்

அறுவை அரங்கில் மயக்க மருந்து மருத்துவருக்கும் அறுவை மருத்துவருக்கும் துணைநிற்போரின் பணிப்பெயரை, தகுதியும் பதிவும் இல்லாத எவரும் சூட்டிக்கொள்ளாதபடி காக்கும் சட்ட ஏற்பாடு இது. பிரிட்டனில் ‘ஆப்பரேட்டிங் டிப்பார்ட்மென்ட் பிராக்டிஷனர்’ என்ற பெயருக்கு 2004 அக்டோபர் முதல் இப்பாதுகாப்பு உண்டு. இப்பணியினரை ஓ.டி.பி. என்றே மருத்துவமனைகளில் அழைக்கிறார்கள். மயக்க மருந்துக் கருவியைச் சோதிப்பது, மூச்சுக்குழாயில் குழாய் செருக உதவுவது, அறுவைக் கருவிகளை எடுத்துத் தருவது, பஞ்சையும் ஊசியையும் எண்ணிச் சரிபார்ப்பது, நோயாளி கண் விழிக்கும்வரை கவனிப்பது ஆகியவை இவர்களின் வேலை. நினைவிழந்து கிடக்கும் நோயாளி, பக்கத்தில் நிற்பவர் எங்கே பயின்றார் என்று கேட்க முடியாது. அந்தக் கேள்வியை அவர் சார்பில் முன்கூட்டியே கேட்டு வைப்பதே சட்டத்தின் வேலை.

தொடக்கம்

1846 டிசம்பரில் ராபர்ட் லிஸ்டன் லண்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்யும்வரை, அரங்க உதவியாளரின் முதன்மை வேலை வலியில் துடிப்பவரை அழுத்திப் பிடிப்பதாகவே இருந்தது. மயக்க மருந்து வந்தபின் உடல் வலுவைவிடக் கருவியறிவு முக்கியமாயிற்று. ஆனால் வேலை நுட்பமானதே தவிர, அதற்கென்று ஒரே பெயரோ ஒரே பயிற்சியோ அமையவில்லை. இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவப் படை பயிற்றுவித்த உதவியாளர்கள் பலர் பின்னர் பொது மருத்துவமனைகளில் சேர்ந்தனர்.

தகுதி உருவானது

நரம்பு அறுவை மருத்துவர் வால்போல் லெவின் தலைமையிலான குழு 1970-இல் அளித்த அறிக்கை திருப்புமுனையானது. முறையாகப் பயின்ற ‘ஆப்பரேட்டிங் டிப்பார்ட்மென்ட் அசிஸ்டென்ட்’ என்ற பணிநிலை அதன்வழி உருவானது. சிட்டி அண்ட் கில்ட்ஸ் நிறுவனத்தின் சான்றிதழ் அதற்குத் தகுதியாயிற்று. 1989-இல் வந்த பெவன் அறிக்கை அரங்கச் செவிலியர், உதவியாளர் பணிகளின் எல்லைகளை மறுபடி ஆராய்ந்தது. 1990-களில் தேசியத் தொழில் தகுதிமுறை வந்தது; ‘அசிஸ்டென்ட்’ என்பதன் இடத்தில் ‘பிராக்டிஷனர்’ நிலைத்தது.

விருப்பப் பதிவிலிருந்து சட்டத்துக்கு

அதற்குப் பிறகும் இப்பணியினரின் பதிவேட்டைப் பராமரித்தது அவர்களின் தொழில்முறைச் சங்கம்தான். அதில் சேர்வது அவரவர் விருப்பம். பெயர் நீக்கப்பட்டவர் அதே பணிப்பெயரோடு வேறு மருத்துவமனையில் சேர்ந்தால், சங்கத்தால் தடுக்க முடியாது. 2001-ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் ஆணை வழியே ஏற்பட்ட ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில், 2004 அக்டோபர் 18 அன்று ஓ.டி.பி.க்களைப் பதின்மூன்றாவது தொழிலாகச் சேர்த்தது. சங்கப் பதிவேட்டில் இருந்தோர் புதிய பதிவேட்டுக்கு மாற்றப்பட்டனர். பதிவின்றி, ஏமாற்றும் நோக்கில் இப்பெயரைப் பயன்படுத்துவது ஆணையின் 39-ஆம் பிரிவின்படி குற்றம், தண்டனை அபராதம். கவுன்சிலின் பெயர் 2012-இல் ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சில் என்று மாறியது.

வீச்சும் எல்லையும்

இச்சட்டம் காப்பது பெயரை மட்டுமே. கருவி எடுத்துத் தருவதோ மயக்க மருந்துக்கு உதவுவதோ இன்னாருக்கே உரிய வேலை என்று அது வரையறுக்கவில்லை. அதே வேலையைப் பதிவுபெற்ற செவிலியரும் செய்கிறார். ‘தியேட்டர் சப்போர்ட் ஒர்க்கர்’ போன்ற பணிப்பெயர்களுக்குப் பாதுகாப்பும் இல்லை. யாரை எந்த வேலைக்கு நிறுத்துவது என்ற பொறுப்பு மருத்துவமனையின் தலையில்தான் இருக்கிறது. ஆனாலும் 2004-க்குப் பிறகு பயிற்சியின் தரம், நடத்தை விதி, புகார் விசாரணை, பெயர் நீக்கம் நான்கும் நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பின்கீழ் வந்தன. ஓரிடத்தில் பெயர் நீக்கப்பட்டவர் இன்னோரிடத்தில் அதே பெயரோடு நிற்க முடியாது என்பதே இதன் பெரும் பயன்.

இந்தியாவில் 2021-இல் இயற்றப்பட்ட துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர் தேசிய ஆணையச் சட்டம், அறுவை அரங்கத் தொழில்நுட்பவியலாளரையும் மயக்க மருந்துத் தொழில்நுட்பவியலாளரையும் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. மத்திய, மாநிலப் பதிவேடுகளுக்கும் அது வழிசெய்கிறது. பிரிட்டன் அனுபவம் காட்டுவது இதுதான்: பதிவேடு முழுமையாகவும், எவரும் பார்க்கக்கூடியதாகவும், தவறியவரை நீக்கும் அதிகாரத்தோடும் இருந்தால்தான் பணிப்பெயர் நோயாளிக்குக் காவலாகும்.