தீவனத்தில் கலந்த கடைசி மருந்து

வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் இறுதியாக நாடும் ஆன்டிபயாடிக்குகளுள் ஒன்று கோலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒரு காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட இம்மருந்து, புதிய மருந்துகள் தோற்கத் தொடங்கிய பின் மருத்துவமனைகளுக்குத் திரும்பியது. இதே மருந்துதான் இந்தியாவில் 2019 வரை, நோயற்ற கோழிகளின் எடையைக் கூட்டுவதற்காகத் தீவனத்திலும் கலக்கப்பட்டது.

எதிர்ப்புத்திறன் பரவும் வழி

குறைந்த அளவில் நாள்தோறும் தரப்படும் மருந்து, கோழியின் குடலிலுள்ள பாக்டீரியாக்களில் வலுவற்றவற்றை மட்டும் அழிக்கிறது. தாக்குப்பிடித்தவை பெருகி, எச்சத்தின் வழியே வயலுக்கும் நீர்நிலைக்கும் பண்ணைத் தொழிலாளரின் கைகளுக்கும் செல்கின்றன.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணுவைக் கண்டறிந்து அறிவித்தனர். பன்றிகள், கடை இறைச்சி, மருத்துவமனை நோயாளிகள் ஆகிய மூன்றிடத்திலும் எடுக்கப்பட்ட பாக்டீரியாக்களில் அது இருந்தது. கோலிஸ்டினை முறியடிக்கும் இம்மரபணு, பிளாஸ்மிட் என்னும் நகரும் துண்டில் அமைந்திருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இன பாக்டீரியாவுக்கும் தாவ வல்லது.

சட்டம் வந்த காலம்

வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் தருவதை சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக 2006இலும் தடைசெய்தன. இந்தியாவில், 2014இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தில்லி வட்டாரத்தில் 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்து, 40 விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் எச்சம் இருப்பதாக வெளியிட்டது. கால்நடைகளுக்கான கோலிஸ்டினின் உற்பத்தி, விற்பனை, விநியோகம் ஆகியவற்றை மத்திய அரசு தடைசெய்தது 2019 ஜூலையில்தான்.

குற்றம் உணவிலா, முறையிலா?

இத்தகைய செய்திகள் இறைச்சி உண்போரை இழிவுபடுத்தும் வாய்ப்பாகப் பயன்படுத்தப்படுவதுண்டு. நன்கு சமைத்தால் இறைச்சியிலுள்ள பாக்டீரியாக்கள் மடிந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, 'தூய' உணவாகப் போற்றப்படும் பாலும் இதற்கு விலக்கல்ல. கறவை மாடுகளின் மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் தரப்படுகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018 தேசிய ஆய்வில், 6,432 பால் மாதிரிகளில் 77இல் வரம்பை மீறிய எச்சம் காணப்பட்டது. ஆகவே கேள்விக்குள்ளாக்க வேண்டியது உண்பவரின் தட்டை அன்று. லாபத்துக்காக மருந்தைத் தீவனமாக்கும் உற்பத்தி முறையை.

சுமை யார் மீது?

மருந்தை எதிர்க்கும் பாக்டீரியத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019இல் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழின் ஆய்வு மதிப்பிட்டது. இந்த ஆபத்து அனைவருக்கும் சமமானதன்று. கையுறையின்றி எச்சம் அள்ளுபவரும், மருத்துவமனைக் கழிவைச் சுமப்பவரும், சாக்கடையில் இறக்கப்படுபவரும் இப்பாக்டீரியாக்களை முதலில் எதிர்கொள்கின்றனர். சாதி வகுத்த வேலைப் பிரிவினையால் தூய்மைப் பணியில் பெரும்பான்மையோர் தலித்துகள். மலிவான மாத்திரை பலிக்காதபோது, விலையுயர்ந்த ஊசி மருந்தும் இழந்த நாட்கூலியும் அக்குடும்பங்களைக் கடனில் தள்ளுகின்றன.

ஆகவே, ஒரு மருந்தைத் தடைசெய்வதோடு கடமை முடிந்துவிடாது. கால்நடை மருத்துவரின் சீட்டின்றி எந்த ஆன்டிபயாடிக்கும் பண்ணைக்குச் செல்லக் கூடாது. பண்ணை, இறைச்சிக்கூட, தூய்மைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகளும் இலவச மருத்துவப் பரிசோதனையும் உரிமையாக வேண்டும். எந்த மருந்து பலிக்கும் என்று கண்டறியும் ஆய்வக வசதி வட்ட அரசு மருத்துவமனை வரை வர வேண்டும். இவற்றைப் பொதுச் சுகாதாரக் கோரிக்கைகளாக மட்டுமன்றி, சமூகநீதிக் கோரிக்கைகளாகவும் முன்வைப்பது நம் இயக்கங்களின் பொறுப்பு.