டர்போவின் எண்ணெய் எங்கே வடிகிறது?

கூடுதல் இழுவைக்காக அப்பா தன் டீசல் லொறிக்கு இரண்டாவது டர்போ பூட்டினார். ஒரு மாதத்தில் நீலப் புகை. "டர்போ போச்சு" என்றார்கள்.

வெளியேறும் புகையின் விசையாலேயே காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளலாம் என்று சுவிஸ் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூக்கி காப்புரிமை கேட்டது 1905இல். இருபது வருடம் கழித்துத்தான் 1,750 குதிரைவலுக் கப்பல் எஞ்சின் 2,500 தந்தது. 1938இல் சாவுரர் நிறுவனம் அதை லொறிக்குக் கொண்டுவந்தது.

லொறி டர்போவுக்குள் எண்ணெய் பம்பின் அழுத்தத்தில் வரும். ஆனால் நுரைத்துப்போய், தன் எடையால் மட்டுமே இறங்கும். அதனால்தான் வரும் குழாய் ஒல்லி, வடியும் குழாய் தடிப்பு. இரண்டாவது டர்போவுக்கும் அப்படியொரு வடிகுழாய் வேண்டும், சரிவாக, எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேரும்படி. அப்பாவின் லொறியில் அது நடுவில் தொய்ந்து கிடந்தது. தேங்கிய எண்ணெய் சீலைத் தாண்டிப் புகைக்குழாய்க்குள் போயிருக்கிறது.

குழாயை நேராக்கினோம். டர்போ இன்னும் அதேதான்.